பரலோகத்தில் பஸ் கழுவுகிறவர்

தோவாகாசேயின் அப்பா பரலோகத்தில் ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறார் என்று பாஸ்டர் ஃபெலேத்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அப்பா ஆக்லாந்தில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். ஈரம் சொட்டியது என்ற மட்டில் பாஸ்டர் சொன்னது சரிதான்.

அவர் உயிரோடிருக்கும் விஷயம் அந்தக் கொட்டகையில் மகள் தோவாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. திராட்சை வெட்ட வந்து வில்லாரா ஊரில் தங்கிவிட்ட எங்கள் தொங்காத் தீவுச் சனத்தில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தோம். ஒரு காலத்தில் ஆப்ரிகாட் காயவைத்த தகரக் கொட்டகை அது. ஜனவரி வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் நாமும் காய்ந்துவிடுவோம். நான் பழைய சபைக்காரன். அன்றைக்கு அங்கே போனது மதியச் சாப்பாட்டுக்காக என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஃபெலேத்தியின் சபையில் பன்றி சுட்டால் அது ஊருக்கே சுட்டதாக இருக்கும்.

"இங்க ஒரு வீடு இருக்கு," என்றார் பாஸ்டர். குரல் தாழ்ந்து வந்தது. "அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கடல்ல போனவர். படகு கவிழ்ந்துடுச்சு. பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம். உடம்புகூட கரைக்கு வரல. அவர் பேரு... ம... மா..."

"மாஃபி!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினாள் லேசியேலி. தோவாவின் புருஷன் கெலேப்பிக்கு அக்கா.

"மாஃபி," என்றார் பாஸ்டர். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "அவர் ஆண்டவர் பக்கத்துல நிக்கிறார். உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. என்ன சொல்றார் தெரியுமா? என் பேத்தி லதாயை ஆண்டவருக்குக் கொடுங்க, அவதான் எங்க வீட்டு முதற்பலன்னு சொல்றார். சொல்லுங்க சனமே, மண்ணைத் தோண்டினா முதல் கிழங்கை யாருக்குக் கொடுப்போம்?"

"ராஜாவுக்கு!" என்றது கொட்டகை.

"மிச்சம் மீதியையா கொடுப்போம்?"

"இல்ல!"

தோவாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்துத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மகள் லதாய் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். பதினெட்டு வயதுப் பெண். மாதக் கடைசியில் நர்ஸ் படிப்புக்குச் சேரவேண்டியவள். எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். குயின்ஸ்லாந்தில் அவர் நடத்தும் ஜெபவீட்டுக்குப் போகும் பெண் பிள்ளைகள் மூன்று வருடம் அங்கேதான் இருக்கவேண்டும். படிப்பு கிடையாது, போன் கிடையாது, வீட்டார் போய்ப் பார்ப்பதும் கிடையாது. அடுத்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை விடிகாலையில் வேன் கிளம்பும்.

ஃபெலேத்தியைப் பற்றி நான் பொல்லாப்பாகவே சொல்லிக்கொண்டு போனால் அது நியாயம் ஆகாது. வந்த புதிதில் அவரும் எங்களோடு திராட்சை வெட்டினார். நெஞ்சுவலி வந்த ஆளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார். பெயர் சொல்லித்தான் எல்லோரையும் கூப்பிடுவார். குடிக்கிறவனை அவன் பிள்ளைகள் முன்னால் திட்டமாட்டார், தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுவார். பிறகுதான் தரிசனங்கள் வர ஆரம்பித்தன. அவர் வீட்டில் வேலைசெய்ய வீட்டுக்கொரு பெண்பிள்ளை முறைவைத்துப் போகும். பாஸ்டர் வீட்டில் துணி தேய்ப்பதும் கிழங்கு உரிப்பதும் எங்கள் சனத்தில் பெரிய மரியாதை. லதாயும் இரண்டு வருடமாகப் போய்வந்தாள்.

இந்த இடத்தில் பொய்யின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தோவா தொங்காவிலேயே வடக்கே தள்ளிக் கிடக்கும் நியூவா தீவுக்காரி. எங்களில் வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை. அவள் அப்பா மாஃபி அங்கே சபையில் பிரசங்கியார். ஞாயிற்றுக்கிழமை விபச்சாரத்தைப் பற்றி ஊரே நடுங்கப் பிரசங்கம் செய்தார். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் மனைவியின் தங்கையைக் கூட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டார். கெலேப்பியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கு இதையா சொல்வாள்? படகு கவிழ்ந்து இறந்துவிட்டார் என்றாள். கெலேப்பியின் வீட்டார் சும்மா இருப்பார்களா? கறுப்பு உடுத்தி, இடுப்பில் துக்கப் பாய் கட்டி, பன்றி அடித்து ஜெபம் வைத்தார்கள். லேசியேலி தன் அம்மா பின்னிய நைஸான பாயையே செத்தவர் பேரில் நியூவாவுக்கு அனுப்பிவைத்தாள். அதற்குப்பிறகு அவரை உயிரோடு எழுப்ப வழியே இல்லாமல் போயிற்று.

கூட்டம் முடிந்ததும் லேசியேலி வீட்டில் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் உப்பிறைச்சியும் வைத்து சேப்பிலையில் பொதிந்து வேகவைத்த லூ, மரவள்ளி, உருளைக்கிழங்கு சாலட். லேசியேலி தட்டு தட்டாக நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்த பாக்கியத்தப் பாத்தியாடா தம்பி! செத்த மனுஷன் நம்ம பிள்ளைய நெனச்சுப் பாத்துருக்காரு."

"ம்," என்றான் கெலேப்பி. அவன் திராட்சை லாரி ஓட்டுகிறவன். வாய்க்குள் சாப்பாடு இருக்கும்போது மட்டும் இல்லை, எப்போதுமே பேசாதவன்.

"நர்ஸ் படிப்பு?" என்றாள் தோவா.

"படிப்பு எங்க போயிடும்? மூணு வருஷம் கழிச்சுப் படிக்கட்டும். ஆண்டவர் கேக்குறத இல்லைன்னு சொல்லுவியா?"

தம்பி வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். கல்யாணமானாலும் கருமாதியானாலும் லேசியேலிக்குத்தான் முதல் பாய் விரிக்கவேண்டும். அவள் சரி என்றால் சரி.

அடுக்களையில் லதாய் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தோவா துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏ லதாய், தாத்தா படகு கவிழ்ந்த கதைய நீ பாஸ்டர்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

"இல்லயே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பாஸ்டர்கிட்ட நாங்க பேசவே மாட்டோம்மா. அவரு வந்தா தலை குனிஞ்சுக்குவோம்." ஒரு தட்டைக் கழுவிமுடித்தாள். "கலோ அக்காகிட்ட சொன்னேன். பாஸ்டர் சம்சாரம். துணி தேய்க்கும்போது. அவங்கதான் எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் வீட்டுக் கதை கேப்பாங்க. ரொம்ப அன்பா கேப்பாங்க. கேக் எல்லாம் தருவாங்க."

"அவங்க புருஷன்கிட்ட சொல்லியிருப்பாங்கள்ல?"

லதாய் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். "நீ என்ன சொல்ல வர்ற? அவரு கண்ணுல தண்ணி வந்ததப் பாக்கலையா? நடிக்கிறாருன்னு சொல்றியா? தாத்தா கடல்ல போனது உண்மைதானே? உண்மைய ஆண்டவர் யாருக்கு வேணும்னாலும் காட்டுவாரு."

தோவா தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

அந்த வாரம் பூராவும் அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. நாங்கள் அப்போது ஆற்றோரத் தோட்டத்தில் சாப்பிடுகிற ரகத் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தோம். மேலே பிளாஸ்டிக் போர்வை, கீழே செம்மண், நடுவில் ஆவி பிடிக்கிற மாதிரி வெக்கை. கொத்தை இடது கையில் தாங்கி, கெட்ட பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளிவிட்டு, பழத்தின் மேல் படிந்த வெள்ளைப் பூச்சு அழியாமல் பெட்டியில் படுக்கவைக்கவேண்டும். தோவாவின் கை அந்த வேலையில் ஓடும். அந்த வாரம் நல்ல பழத்தையெல்லாம் நறுக்கிக் கீழே போட்டாள். வரிசை பாதியில் நிற்கும்போது அடுத்த வரிசைக்குப் போனாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினாள்.

"உனக்கு என்னடி ஆச்சு? எறும்புப் புத்துல நின்ன மாதிரி ஆடுற," என்றாள் ஃபூசி. கொடிக்கு அந்தப் பக்கம் வெட்டுகிறவள். வருடக்கணக்காக அவளும் தோவாவும் ஜோடி. ஃபூசியின் மகள் வீக்காவும் அதே வேனில் ஜெபவீட்டுக்குப் போகிறாள்.

"உனக்குப் பயமா இல்லையா, ஃபூசி? மூணு வருஷம்."

"பயம் என்ன பயம்? இங்க இருந்தா எவனாவது கார்க்காரப் பயலோட சுத்துவா. அங்க ஜெபம் பண்ணட்டும். என் மகளும் உன் மகளும் ஒண்ணா போறாங்க, நீ எதுக்குத் துக்க வீட்டுக்காரி மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"பாஸ்டர் சொல்றதெல்லாம் ஆண்டவர்கிட்ட இருந்துதான் வருதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

இலைகளுக்கு நடுவே ஃபூசியின் முகம் எட்டிப் பார்த்தது. "தோவா, இத என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்கோ. வேற யாராவது கேட்டா உனக்குப் பிசாசு பிடிச்சிருக்குன்னு சொல்லி உன் தலையில எண்ணெய ஊத்திடுவாங்க."

வியாழக்கிழமை வெயில் எல்லை மீறியதால் மதியத்தோடு வேலையை நிறுத்தினார்கள். எல்லோரும் போனபிறகு தோவா காருக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு ஆக்லாந்துக்கு போன் செய்தாள். நாலைந்து வருடங்களுக்கு முன்னால் கிழவனார் அவளை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கு ஒருமுறை, யாரும் இல்லாத இடத்தில் இருந்து பேசுவாள்.

"அப்பா, நீங்க செத்துட்டீங்க," என்றாள்.

"எப்போ?"

"நான் கல்யாணமாகி இங்க வந்தப்பவே. நான்தான் சொன்னேன். கடல்ல படகு கவிழ்ந்துன்னு."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது. "கடல்லயா? நான் எப்படி நீந்துவேன்னு நியூவாவுல சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரு நம்பினாங்க?"

"எல்லாரும். உங்களுக்கு பன்னி அடிச்சு ஜெபம் வச்சாங்க."

"பன்னி பெருசா?"

"அப்பா!"

"சரி சரி. கோபப்பட எனக்கு என்ன யோக்கியத இருக்கு? சொல்லு."

சொன்னாள். பரலோகம், ஈரம், முதற்பலன், வேன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த ஆளு அழுறானா?" என்று கேட்டார்.

"அழுறாரு. நிஜமான கண்ணீர்."

"எனக்கும் நல்லா வரும். சனம் அழுறதப் பாத்தா எனக்கும் அழுகை வரும். நான் அழுறதப் பாத்துட்டு அவங்க இன்னும் அழுவாங்க. அப்போ எனக்கே என் மேல ஒரு பெரிய நம்பிக்கை வந்துரும். இவ்வளவு பேரு அழுறாங்க, நான் செய்யிறது எதுவும் தப்பா இருக்காதுன்னு. உங்கம்மாவ விட்டுட்டுக் கப்பல் ஏறும்போதுகூட எனக்கு அப்படித்தான் இருந்தது." குழாயைத் திறந்து மறுபடி அடைக்கும் சத்தம் கேட்டது. "அவன் பொய் சொல்றான்னு அவனுக்கே தெரியாம இருக்கலாம். அந்த மாதிரி ஆளுதான் ரொம்ப மோசம். பிள்ளைய அனுப்பாத தோவா."

"எப்படி நிறுத்துறது?"

"என்னைய எழுப்பிவிடு," என்றார் கிழவனார். "வேற என்ன வழி?"

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் பொய்யர் என்று காட்டவேண்டுமானால் முதலில் தான் பொய்க்காரி என்று காட்டவேண்டும். எங்கள் சனத்தில் வெட்கத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குத் துக்கப் பாய் கட்டவைத்தவளை யார் மன்னிப்பார்கள்?

சனிக்கிழமை லேசியேலி வீட்டுக் கொல்லையில் வழியனுப்புச் சாப்பாட்டுக்கு வேலை நடந்தது. ஆண்கள் மண்ணடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இரண்டே பேர், லேசியேலியும் தோவாவும், நிழலில் உட்கார்ந்து சேப்பிலை நரம்பு கிழித்தார்கள். லேசியேலிக்கு முழங்கால் வீக்கம். காலை ஒரு வாளியின் மேல் நீட்டிவைத்திருந்தாள்.

"மதினி, எங்கப்பா சாகல," என்றாள் தோவா.

லேசியேலி இலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். "பரலோகத்துல யாரும் சாகுறதில்ல."

"அந்த மாதிரி இல்ல மதினி. ஆக்லாந்துல இருக்காரு. பஸ் கழுவுறாரு. படகு எதுவும் கவிழல. எங்க சின்னம்மாவோட ஓடிப்போயிட்டாரு. வெட்கத்துல நான் அப்படிச் சொல்லிட்டேன்."

லேசியேலி இலையைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் தோவாவின் முகத்தையே பார்த்தாள். கன்னத்தில் அறையப்போகிறாள் என்றுதான் தோவா நினைத்தாளாம்.

"எங்கம்மா பாய்," என்றாள் லேசியேலி. "எங்கம்மா கண்ணு தெரியாம போறதுக்கு முன்னாடி கடைசியாப் பின்னின பாய். யாரு கல்லறையில விரிச்சாங்க அத?"

"யாரும் விரிக்கல. எங்கம்மா பெட்டியில வச்சிருக்காங்க. கற்பூரம் போட்டு."

"பெட்டியில." லேசியேலி மூச்சு வாங்கினாள். "நான் உன் அப்பனுக்காகத் தலைமுடி வெட்டிக்கிட்டேன்டி. என் கல்யாண போட்டோ எடுக்கிற வருஷம் அது."

"தெரியும் மதினி."

"என்ன தெரியும் உனக்கு?" என்று சீறினாள். குழி வெட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்போ பாஸ்டர் பாத்தது?"

"நான் லதாய்க்குச் சொன்ன கதை. அவ கலோகிட்ட சொன்ன கதை. எழுத்துக்கு எழுத்து அதேதான். பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம்னு நான்தான் சொன்னேன். அந்தப் பாறைத் திட்டையே நான்தான் வச்சேன் மதினி, கதை நல்லா இருக்கட்டும்னு."

லேசியேலி கண்ணை மூடிக்கொண்டாள். இவள்தான் அன்றைக்கு 'மாஃபி' என்று கத்தியவள். அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். காதோரம் சிவந்துபோயிற்று.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா லதாய் போகமாட்டா," என்றாள் தோவா.

"சொல்லலாம். சொன்னா ஊரு என்ன பேசும்? ராஜாவுக்குக் கொடுத்த கிழங்க லேசியேலி திரும்பிப் புடுங்கிக்கிட்டான்னு பேசும். லதாய் வாழ்நாள் பூரா அத நம்பிக்கிட்டு இருப்பா. எது தப்பா நடந்தாலும் ஆண்டவருக்குக் கொடுக்காததாலதான்னு சொல்லி அழுவா." இலைக்கட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பொய் உன்னோடது. நீயே எந்திரிச்சு நின்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் இருக்கேன். சொல்லாட்டி நான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. நானும் போயிருந்தேன். இந்தத் தடவை சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை, ஏதோ புகைகிறது என்று மூக்குக்குத் தெரிந்திருந்தது. ஜெபவீட்டுக்குப் போகும் பெண்கள் வெள்ளை உடுத்தி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வேனில் பைகளை அன்றைக்கே ஏற்றிவைத்துவிட்டார்கள். சாட்சி சொல்கிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று பாஸ்டர் சொன்னதும் தோவா எழுந்தாள். எல்லோரும் புன்னகையோடு திரும்பினார்கள். மகளைக் கொடுக்கும் தாய் அல்லவா.

"எங்கப்பா உயிரோட இருக்காரு," என்றாள்.

"ஆமென்!" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"அந்த ஆமென் வேண்டாம். அவரு ஆக்லாந்துல இருக்காரு. போன வியாழக்கிழமை பேசினேன். அவரு கடல்ல சாகல. எங்கம்மாவ விட்டுட்டு ஓடிப்போனாரு. அந்த வெட்கத்துல கடல்ல போயிட்டாருன்னு நான் சொன்னேன். நீங்க எல்லாரும் துக்கம் கட்டினீங்க. என்னை மன்னிச்சுக்குங்க."

வெள்ளை உடுப்புக்குள் லதாயின் முகமும் வெளுத்துப்போயிற்று. கெலேப்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

பாஸ்டர் பதறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அருகில் வந்து மெதுவாகப் பேசினார்.

"சகோதரி, ஆண்டவர் கண்ணுக்குச் செத்தவன் யாரு? பெண்டாட்டி பிள்ளைய விட்டு ஓடினவன் உயிரோட இருந்தாலும் செத்தவன்தானே? ஆண்டவர் எனக்கு ஆவிக்குரிய மரணத்தக் காட்டினார்."

"ஆமென்," என்று மூச்சு விட்டது பாதிக் கொட்டகை. எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பாஸ்டர் கண்ட தரிசனம் பொய்யாகிவிடக்கூடாதே என்றுதான் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ அந்தப் படகு?" என்றாள் தோவா. "சொட்டின தண்ணி? பாறைத் திட்டு? பாஸ்டர், அந்தப் படகு எந்தக் கடல்லயும் கவிழல. அது என் வாயில மட்டும்தான் இருந்துச்சு. நான் என் மகளுக்குச் சொன்னேன். என் மக உங்க வீட்டுல துணி தேய்க்கும்போது உங்க சம்சாரத்துக்குச் சொன்னா. உங்களுக்கு ஆண்டவர் காட்டினார்னு சொல்றீங்க. நான் விட்ட பொய்ய ஆண்டவரும் நம்பிட்டாரா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். கலோ மடியில் இருந்த வேதப்புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

பாஸ்டரின் முகத்தில் முதன்முறையாகக் கோபம் தெரிந்தது. சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "தான் பொய்க்காரின்னு தன் வாயாலேயே சொல்றவ பேச்சைக் கேட்டு நீங்க ஆண்டவரைச் சந்தேகப்படப் போறீங்களா?"

அது நன்றாக வேலை செய்தது. தலைகள் ஆடின. முன்னால் இருந்த ஃபூசிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோவா நின்ற இடத்தில் நின்றாள். உட்காரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

அப்போது லேசியேலி நாற்காலியின் கையைப் பிடித்து, வீங்கின காலோடு எழுந்தாள்.

"என் தம்பி மக எங்கயும் போகல," என்றாள். "ஏன்னு கேக்குறவங்க என் வீட்டுக்கு வாங்க, சொல்றேன். சாப்பாடும் இருக்கு." லதாயின் கையைப் பிடித்தாள். "எந்திரி."

அத்தை எழுப்பினால் உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளைக்கும் முடியாது. லேசியேலி நேரே வேனுக்குப் போய்ப் பையை இழுத்துத் தரையில் போட்டாள். பிறகு தோவாவைப் பார்த்தாள். "பாய் விஷயம் தனி. அத நான் மறக்கல."

வீட்டுக்குப் போனதும் லதாய் அம்மாவைத்தான் பிடித்தாள். பாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் கடல்ல கால் வைக்கமாட்டேன், தெரியுமா உனக்கு? ஸ்கூல்ல எல்லாரும் பீச்சுக்குப் போனப்போ நான் பஸ்ஸுக்குள்ளேயே உக்காந்திருந்தேன். சின்னப்பிள்ளையில இருந்து தாத்தா கனவுல வருவாரு. வாயில மண்ணோட வருவாரு. அப்பவாவது நீ சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம்," என்றாள் தோவா.

"நம்பர் கொடு."

கொடுத்தாள். லதாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று பேசினாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தோவாவுக்குத் தெரியாது. முதலில் சத்தம் போட்டாள், பிறகு அழுதாள், பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து போனை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவிடம் பேசாமல் படுக்கப் போனாள். கெலேப்பி வாசலில் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் உயிரோடிருக்கிறார் என்ற செய்திக்கு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ அந்தப் பன்னி வீண்."

திங்கட்கிழமை விடிகாலையில் வேன் போயிற்று. வீக்கா போனாள், வேறு இரண்டு பெண்களும் போனார்கள். லதாயின் இடத்தில் பாஸ்டரின் அரிசி மூட்டை உட்கார்ந்து போனதாகக் கேள்வி.

தோட்டத்துக்கு வந்த ஃபூசி தோவாவுக்கு முகம் கொடுக்கவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் அவள் கத்தரி மட்டும் கேட்டது. தோவா பேசிப்பார்த்தாள், பதில் இல்லை. வெயில் ஏறியது. நான் அவர்களுக்கு அடுத்த வரிசையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஃபூசியின் கத்தரிச் சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றே போயிற்று.

"தோவா."

"என்ன?"

"வீக்காவப் பத்தி பாஸ்டருக்கு வந்த தரிசனம் ஞாபகம் இருக்கா? கைக்குழந்தையில அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் ஆஸ்பத்திரியில விடிய விடிய முழங்கால்ல நின்னேனாம். இவளப் பிழைக்கவச்சா உமக்கே கொடுக்கிறேன்னு பொருத்தனை பண்ணேனாம். அந்தப் பொருத்தனைய ஆண்டவர் இப்போ கேக்குறாருன்னு பாஸ்டர் சொன்னாரு."

"ஆமா. நீ அழுதியே."

"நான் அப்படி ஒண்ணும் பண்ணலடி."

தோவா கொடியை விலக்கிப் பார்த்தாள். ஃபூசி கையில் ஒரு கொத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நசுங்கின பழத்தின் சாறு முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நான் தூங்கிட்டேன். நாற்காலியில. நர்சு வந்து எழுப்பித்தான் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சொன்னா. வீக்கா பெரியவளாகி சர்ச்சுக்கு வரமாட்டேன்னு அடம்பிடிச்சா பாரு, அப்போ நான் விட்ட கதை அது. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். நேத்து நீ பேசினதுல இருந்து நெஞ்சுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. முழங்கால் போட்ட ஞாபகமே வரல. அந்த நாற்காலிதான் ஞாபகம் வருது. பச்சைக் கலர்."

"இத ஏண்டி காலையில சொல்லல? வேன் கிளம்பும்போது?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் ஃபூசி. "வீக்கா கை ஆட்டினா. நானும் ஆட்டினேன்."

தோவா கத்தரியைப் பெட்டிக்குள் போட்டாள். கொடிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் ஃபூசியின் கையைப் பிடித்து இழுத்தாள். வழியில் கிரிஃபித் ஊரில் மதியம் ஜெபக் கூட்டம் இருக்கிறது, வேன் அங்கே நிற்கும் என்று நான்தான் வரிசையில் இருந்து கத்தினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடினான், இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, வெட்டின பழமெல்லாம் வெயிலில் கிடக்கிறதே என்று. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் ஃபூசி கேட்டாளாம்:

"அங்க போய், எல்லார் முன்னாடியும், நான் தூங்கிட்டேன்னு சொல்லணுமா?"

"சொல்லணும்."

"ரொம்ப அசிங்கமா இருக்குமா தோவா?"

"ரொம்ப," என்றாள் தோவா. "பெல்ட்டப் போடு."